எர்மீனியா குரல் எடுத்த நாள்

எர்மீனியா போர்ட்டோ நகரத்து மிராகாயாப் பகுதிக்குக் குடிவந்தது ஆசைப்பட்டு அல்ல, வேறு போக்கிடம் இல்லாமல். விவாகரத்து ஆனது. வீடு கணவன் பெயரில் இருந்ததால் அவனுக்கே போயிற்று. கூட வேலை பார்த்த இவோன் என்பவளின் ஞானத்தாய்க்கு ஆற்றங்கரையோரம் ஒரு பழைய வீட்டின் இரண்டாம் மாடி பூட்டிக் கிடந்தது. "வேற இடம் பார்க்கிற வரைக்கும் இருந்துக்கோ" என்று சாவியைக் கொடுத்தார்கள். வசந்தம் வருவதற்குள் காலி செய்துவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் அவள் அந்த இருட்டுப் படிகளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினாள்.

அப்போது அவளுக்கு ஐம்பதை நெருங்குகிற வயது. ஒரு குடிநீர் நிறுவனத்தில் தொலைபேசியில் புகார் கேட்கிற வேலை. காலையில் ஹெட்ஃபோனை மாட்டினால், போர்ட்டோ நகரத்தில் யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும், யாருக்குத் தண்ணீர் வராவிட்டாலும், முதல் திட்டு அவள் காதில்தான் விழும். எதிர்முனையில் எவ்வளவு கத்தினாலும் எர்மீனியாவின் குரல் ஒரே மட்டத்தில் இருக்கும், வெதுவெதுப்பான பால் மாதிரி. புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது அவள் பேச்சைத்தான் பதிவு செய்து போட்டுக் காட்டுவார்கள். வீட்டிலும் அவள் அப்படித்தான். "நான் போறேன்" என்று கணவன் சொன்ன அன்று, "சரி, சாப்பிட்டுட்டுப் போறீங்களா?" என்று கேட்டவள்.

பகல் முழுக்க ஊராரின் கத்தலை வாங்கிக்கொள்கிற ஒருத்திக்கு வீட்டுக்கு வந்தால் அமைதி வேண்டும். மிராகாயாவில் எல்லாம் கிடைக்கும், அது ஒன்றைத் தவிர.

தெருவே ஒரு சந்து அளவுதான். கல் வளைவுகளின் மேல் வீடுகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும். ஒரு சன்னலில் பேசினால் எதிர்ச் சன்னலில் பதில் வரும். நடுவில் கொடியில் காயும் துணிகள் மட்டும்தான் மறைப்பு. விடியும்போது கடற்பறவைகள் கத்தும். பிறகு பேதுரு கோயிலின் மணி. பிறகு கீழ்த்தளத்தில் கிராசிந்தா தன் சாப்பாட்டுக் கடையைத் திறக்கிற சத்தம். இரும்புக் கதவைத் தூக்குவதிலிருந்து கடைசி நாற்காலியை அடுக்குகிற வரை அந்த அம்மாள் வாய் மூடியதாக யாரும் பார்த்ததில்லை. மீன் வறுத்துக்கொண்டே மூன்றாம் வீட்டுக்காரியோடு சண்டை போடுவாள், சண்டைக்கு நடுவே அவளுக்கே ஒரு தட்டு அனுப்புவாள். அவள் கணவன் கஸிமீரோ பகலில் ஆற்றில் படகு ஓட்டுவான். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து கான்செர்டினா என்கிற கைத்துருத்தி வாத்தியத்தை வாசிப்பான். அவனுக்குத் தெரிந்தது கொஞ்சம் பாட்டுகள்தான். ஆனால் ஒவ்வொன்றையும் பாதியில் மறந்து முதலிலிருந்து ஆரம்பிப்பான்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு எர்மீனியா கீழே இறங்கினாள்.

"மன்னிக்கணும், கிராசிந்தாம்மா. சாயங்காலத்துல மட்டும் கொஞ்சம் சத்தம் கொறைச்சுக்க முடியுமா?"

கிராசிந்தா கரண்டியைக் கீழே வைக்காமலே அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன சொன்னீங்க? காதுல விழல."

எர்மீனியா அதே குரலில் மறுபடி சொன்னாள்.

"அம்மா, தாயே! அமைதி வேணும்னா மேல அக்ரமொந்த்தே கல்லறைத் தோட்டத்துல நல்ல நல்ல இடமா இருக்கு. அங்க யாரும் மூச்சுகூட விட மாட்டாங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எர்மீனியா "நன்றி" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள். பழக்க தோஷம். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, வீட்டு வாடகை விளம்பரங்கள் வரும் செய்தித்தாளை விரித்தாள்.

அந்தத் தெருவுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. யார் வீட்டு விஷயமும் யாருக்கும் ரகசியமில்லை. "நேத்து இருமினீங்களே, தேன் இருக்கா?" என்று பழக்கடைக்காரி கேட்பாள். "உங்க தம்பி ஃபோன் பண்ணானா? எடுக்கவே இல்லையே நீங்க" என்பான் கஸிமீரோ. எதிர்வீட்டுத் தரைத்தளத்தில் தனியாக இருந்த பல்தஸார் கிழவர், தன் கானரிக் குருவிகளுக்குத் தீனி வைத்தபடி, அவள் வாங்கி வரும் பையைப் பார்த்துக் கருத்துச் சொல்வார்: "இன்னிக்கும் டப்பா மீனா? ஆத்தைப் பார்த்த வீட்டுல உக்காந்துக்கிட்டு டப்பா மீனு!" எர்மீனியாவுக்குக் கூச்சமாக இருக்கும். பதிலுக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

அந்த ஜனவரியில் மழை விடாமல் பெய்தது. தௌரு ஆறு தேநீர் நிறத்துக்கு மாறி, மரங்களையும் பீப்பாய்களையும் உருட்டிக்கொண்டு ஓடியது. மிராகாயாக்காரர்களுக்கு வெள்ளம் புதிதல்ல. ஆற்றைப் பார்த்தார்கள், மூக்கைச் சுளித்தார்கள், "நாளைக்குக் காலைலதான் ஏறும், அதுக்குள்ள சாமானை ஏத்திக்கலாம்" என்று முடிவு செய்தார்கள். ஏனென்றால் அன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் கால்பந்து. லிஸ்பன் அணியோடு ஆட்டம். தெருவே திரண்டு, வளைவுகளுக்கு அடியில் இருந்த மீனவர் மன்றத்தில் டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது.

எர்மீனியா குடிவந்ததிலிருந்து முதல் தடவையாகத் தெருவில் சத்தமில்லை. காப்பி போட்டுக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்தாள். அப்போதுதான் தொலைபேசி அடித்தது. இவோன், ஞாயிறு வேலையில் இருந்தாள்.

"எர்மீனியா, வீட்லயா இருக்க? மேல அணையில இன்னும் மதகைத் திறந்துட்டாங்களாம். இங்க நம்ம ஆளுங்க எல்லாம் பம்பு மோட்டாரைக் கழட்டி மேல ஏத்திட்டிருக்காங்க. கடல் ஏத்தமும் சேர்ந்துக்குமாம். உங்க தெருவுக்கு யாராவது வந்து சொன்னாங்களா?"

"இல்லையே. நாளைக்குக் காலைலன்னுதான் பேசிக்கிட்டாங்க."

"எந்த நாளைக்கு? பொழுது சாயறதுக்குள்ள உங்க வாசல்ல நிக்கும்!"

எர்மீனியா சன்னலைத் திறந்தாள். "மன்னிக்கணும்..." என்றாள். தெருவில் ஒரு பூனை நிமிர்ந்து பார்த்தது. மன்றத்திலிருந்து 'ஓ'வென்று இரைச்சல் எழுந்து அடங்கியது. வீட்டுச் செருப்போடு படியிறங்கி ஓடினாள்.

மன்றத்துக்குள் புகையும் ஈரக் கோட்டு வாடையும். ஆண்கள், பெண்கள், மடியில் குழந்தைகள், யாரும் திரும்பவில்லை. அவள் ஒருவர் தோளைத் தொட்டாள். "தள்ளுங்கம்மா, மறைக்குது." இன்னொருவரிடம் போனாள். "உஷ், பெனால்ட்டி!" கிராசிந்தா முதல் வரிசையில் ஜெபமாலையைக் கையில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் ஆட்டக்காரன் பந்தைப் புள்ளியில் வைத்துப் பின்னால் நடந்துகொண்டிருந்தான்.

எர்மீனியா சுவரோரமாகப் போய், குனிந்து, டிவியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

கூரை இடிந்து விழுந்த மாதிரி ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு எழுந்த கூச்சலை இன்றைக்கும் அந்தத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். "எவடி அவ!" "பெனால்ட்டிடீ, பாவி!" "லிஸ்பன்காரி போலருக்கு, பிடிங்க அவளை!"

எல்லாக் கண்ணும் அவள்மேல். வாயைத் திறந்தாள். இத்தனை வருஷப் பழக்கத்தில் வந்தது இதுதான்: "வணக்கம், நான் எர்மீனியா பேசுறேன்."

சிரிப்பு வெடித்தது. "பேசும்மா பேசு! எங்க வீட்டுக் குழாயும் ஒழுகுது!" என்று கஸிமீரோ கத்தினான்.

எர்மீனியா மறுபடி வாயைத் திறந்தாள். இந்தத் தடவை எங்கிருந்தோ வேறொரு குரல் வந்தது. கல் வளைவு முழுக்க அது மோதித் திரும்பியது. "தண்ணி வருது! அணையைத் திறந்துட்டாங்க! நாளைக்கு இல்ல, இப்ப! இப்ப வருது! எந்திரிங்க எல்லாரும்!"

சிரிப்பு நின்றது. அந்தக் குரலைக் கேட்டு மற்றவர்களைவிட அவளே அதிகம் பயந்துபோனாள்.

முதலில் எழுந்தது கிராசிந்தாதான். ஜெபமாலையைச் சட்டைக்குள் திணித்தாள். "இந்தப் பொம்பளை கத்துறான்னா விஷயம் இருக்கு. எந்திரிங்கடா! பந்தை நாளைக்குப் பேப்பர்ல பார்த்துக்கலாம்!"

நாற்காலிகள் சரிந்தன. வெளியே வந்தபோது ஆறு இன்னும் கரையைத் தாண்டவில்லை. ஆனால் தெருவின் தாழ்வான முனையில் சாக்கடை மூடிகள் கொப்பளிக்க ஆரம்பித்திருந்தன. அதற்கப்புறம் யாரும் யாரையும் கேள்வி கேட்கவில்லை. தரைத்தளத்தில் இருந்ததெல்லாம் மாடிக்கு ஏறியது. மெத்தை, தையல் மெஷின், கணப்பு அடுப்பு, கல்யாணப் படம், வலைகள், ஒயின் ஜாடிகள். யாருடைய சாமான் யார் வீட்டுக்குப் போகிறது என்று பார்க்க நேரமில்லை. திறந்திருக்கிற கதவுக்குள் தள்ளினார்கள். கிராசிந்தாவின் கடைக் குளிர்பெட்டி முதல் திருப்பத்தில் படிச் சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. மேலே நான்கு பேர் இழுக்க, கீழே கஸிமீரோ முதுகைக் கொடுத்துத் தள்ள, கிராசிந்தா பின்னாலிருந்து, "சாய்ச்சுப் பிடி! அந்தப் பக்கம்டா, கழுதை! உன்னைக் கட்டின நாள்லேருந்து இடது வலது தெரியல உனக்கு!" என்று கட்டளை போட்டாள். "சொல்றவ வந்து தூக்குடி!" என்று அடியிலிருந்து பதில் வந்தது. எர்மீனியா தன் கதவை அகலத் திறந்து, இருந்த ஒரே சோபாவைக் காலால் ஒதுக்கி இடம் செய்தாள்.

பல்தஸார் கிழவர் மட்டும் கட்டிலை விட்டு அசையவில்லை. "அறுபத்திரண்டாம் வருஷத்து வெள்ளத்துலயே நான் நகரல" என்று போர்வையை இழுத்துக்கொண்டார். மழைக்கோட்டோடு இரண்டு பேர் கெஞ்சிக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் வாசற்படியை நக்க ஆரம்பித்திருந்தது.

எர்மீனியா உள்ளே போனாள். ஆணியில் தொங்கிய குருவிக் கூண்டுகளைக் கழற்றி இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டாள்.

"ஏய், ஏய்! அதை எங்க கொண்டு போற?"

"குருவி மேல போகுது. நீங்க வரதும் வராததும் உங்க இஷ்டம்."

தெருவைக் கடந்து தன் படிக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது, கிழவர் பைஜாமாவும் தொப்பியுமாகத் தண்ணீரில் சளக் சளக்கென்று பின்னால் வந்துகொண்டிருந்தார். வழியெல்லாம் வசவு. "திருட்டு! பட்டப்பகல் திருட்டு!"

சொன்னபடியே பொழுது சாய்வதற்குள் ஆறு தெருவுக்குள் நுழைந்தது. கிராசிந்தா கடையின் மேசை முங்கியது, பிறகு கல்லா முங்கியது. ஆனால் முங்குவதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. ஒரு உயிருக்கும் சேதமில்லை.

தண்ணீர் வடியும்வரை எர்மீனியாவின் வீட்டில் கிராசிந்தா, கஸிமீரோ, பல்தஸார், அவருடைய குருவிகள் எல்லாரும் இருந்தார்கள். கஸிமீரோ காலையில் படகைத் தெருவுக்குள்ளேயே ஓட்டி, சன்னல் சன்னலாக ரொட்டி கொடுத்துவிட்டு வருவான். கிராசிந்தா, எர்மீனியாவின் சின்ன அடுப்பை ஒரு பார்வை பார்த்து, "இதுல முட்டைதான் வேகும்" என்று சொல்லிவிட்டு, அதிலேயே அண்டா நிறையக் கீரைக் கஞ்சி காய்ச்சினாள். வாளியில் கயிறு கட்டி இந்தச் சன்னலிலிருந்து அந்தச் சன்னலுக்குக் கஞ்சி போயிற்று. கிழவரின் குறட்டையும் குருவிகளின் கத்தலும் போட்டி போட்டன. எர்மீனியா பஞ்சைத் தேடினாள். அது கிராசிந்தாவின் பாத்திர மூட்டைகளுக்கு அடியில் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தது. தேடுவதை விட்டுவிட்டாள்.

ஒரு மத்தியானம் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது கிராசிந்தா கேட்டாள்: "உன் புருஷன் ஏன் போனான்?"

அதுவரை யாரும் எர்மீனியாவிடம் இப்படி நேராகக் கேட்டதில்லை. சொன்னாள். சாப்பிட்டுவிட்டுப் போகிறீர்களா என்று கேட்டதையும் சொன்னாள்.

கிராசிந்தாவின் கத்தி நின்றது. "அப்படியா கேட்ட?"

"ம்."

"அவன் சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான்."

"கடவுளே! நானா இருந்தா அந்தச் சட்டியத் தலையில கவுத்திருப்பேன். சூடோட!"

எர்மீனியாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்தாள். கிராசிந்தா இன்னொரு கிழங்கை அவள் கையில் திணித்து, "அழுதுக்கிட்டே உரி. சூப்புக்கு உப்பு மிச்சம்" என்றாள்.

தண்ணீர் வடிந்ததும் சேறு. மண்வாரியும் விளக்குமாறுமாகத் தெருவே இறங்கிக் கழுவியது. அந்த வாரக் கடைசியில் எர்மீனியாவின் தம்பி அடெலினோ காரில் வந்தான். முழங்கால் வரை சேறோடு நின்ற அக்காவைப் பார்த்தவன், கார்க் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடி வந்தான்.

"அக்கா, இது மனுஷன் இருக்கிற இடமா? டவுனைத் தாண்டி மாயியாவுல, எங்க பில்டிங்ல ஒரு வீடு காலியா இருக்கு. லிஃப்ட் இருக்கு. ஈ சத்தம்கூட கேக்காது. வா, போலாம்."

அவள் வந்த நாளிலிருந்து தேடிக்கொண்டிருந்த வீடு அதுதானே? சுவரில் ஈரம் வேறு ஏறியிருந்தது. போனாள். கிராசிந்தா வழியனுப்ப வரவில்லை. கடைக்குள் நின்று சுவரைத் தேய்த்துக்கொண்டே, "போறவங்க போகட்டும், குளிர்பெட்டியைக் கீழ இறக்கணும், ஆளுங்க எங்க?" என்று யாரிடமோ கத்தினாள்.

மாயியா வீடு வெள்ளை வெளேரென்று இருந்தது. சன்னலை மூடினால் உலகமே அணைந்துவிடும். முதல் நாள் எர்மீனியா நன்றாகத் தூங்கினாள். அடுத்த நாள் கொஞ்சம் தூங்கினாள். அப்புறம் தூக்கம் வரவில்லை. லிஃப்டில் ஏறுகிறவர்கள் எண்களையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு நாள் அவள் தும்மினாள். கூட நின்ற மூன்று பேரும் ஒன்றும் சொல்லவில்லை. எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, ஆரஞ்சு கேக் செய்து, ஒரு தட்டில் வைத்துக் கதவைத் தட்டினாள். சங்கிலி போட்ட இடுக்கு வழியாக ஒரு முகம் தெரிந்தது.

"நாங்க எதுவும் ஆர்டர் பண்ணலியே."

"இல்ல, நான் பக்கத்து வீடு. உங்களுக்காக..."

"தப்பான வீட்டுக்கு வந்துட்டீங்க" என்று கதவு மூடிக்கொண்டது. கேக்கை அவளே தின்றாள். நாலு நாள் ஆயிற்று தின்று முடிக்க.

ஒரு செவ்வாய்க்கிழமை, வேலையில் இருந்தபோது அடுத்த அழைப்பு வந்தது.

"வணக்கம், நான் எர்மீனியா பேசுறேன். என்ன உதவி வேணும்?"

"ஒரு புகார்" என்றது ஒரு குரல். ஹெட்ஃபோனே அதிர்ந்தது.

எர்மீனியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சொல்லுங்க."

"எங்க வீட்டு ரெண்டாம் மாடியில வெளிச்சமே இல்ல. படியில காலடிச் சத்தமும் இல்ல. பல்தஸாரு யாரைத் திட்டறதுன்னு தெரியாம குருவியைத் திட்டிக்கிட்டிருக்காரு. இதுக்கெல்லாம் யாரை அனுப்புவீங்க?"

"அம்மா, இது தண்ணி சம்பந்தப்பட்ட நம்பர்."

"தண்ணி சம்பந்தமாத்தானே அவ போனா! சுவரு காஞ்சிடுச்சுன்னு சொல்லு. கஸிமீரோ சுண்ணாம்பு அடிச்சுட்டான். கோணல் மாணலாத்தான் அடிச்சிருக்கான், ஆனா அடிச்சுட்டான். எப்ப வரா அவ?"

மேற்பார்வையாளர் கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எர்மீனியா பேனாவை எடுத்துக்கொண்டாள். "உங்க புகார் பதிவாயிடுச்சு. சனிக்கிழமை ஆள் வரும்."

"மீன் எடுத்து வைக்கவா?"

"வைங்க."

சனிக்கிழமை வந்தாள். இவோனின் ஞானத்தாயிடம் போய், இனி அந்த வீடு வேறு யாருக்கும் இல்லை, தனக்குத்தான் என்று பேசி முடித்தாள். சுண்ணாம்பு உண்மையிலேயே கோணலாகத்தான் இருந்தது. அதை அவள் கஸிமீரோவிடம் நேராகவே சொன்னாள். அவன் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் கான்செர்டினா வாசிக்கவில்லை. மூன்றாம் நாள் அவளே கீழே போய், "என்ன, மறந்தே போச்சா?" என்று கேட்டாள்.

ஜூன் மாதம், யோவான் திருநாளுக்கு முந்தைய சாயங்காலம், தம்பி அடெலினோவையும் அவன் மனைவி ஃபிலோமேனாவையும் எர்மீனியா வரச் சொன்னாள். அன்று போர்ட்டோவில் யாரும் வீட்டுக்குள் இருப்பதில்லை. தெருவெல்லாம் கரி அடுப்பு, மத்தி மீன் வறுபடுகிற புகை, குடைமிளகாய், சோளரொட்டி. கையில் பிளாஸ்டிக் சுத்தியல் வைத்துக்கொண்டு, தெரிந்தவர் தெரியாதவர் எல்லார் தலையிலும் பீப்பென்று ஒரு தட்டு. தட்டு வாங்கினவர் திருப்பித் தட்டுவார். அதுதான் வாழ்த்து.

அடெலினோ காரை எங்கோ மேட்டில் நிறுத்திவிட்டு, கூட்டத்தில் இடிபட்டு, வியர்த்து வழிந்து வந்து சேர்ந்தான். அக்கா தெருவில் கரி அடுப்புக்கு முன்னால் நின்று மீனைத் திருப்பிக்கொண்டிருந்தாள். மூக்கு நுனியில் கரி. பல்தஸார் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, எந்த மீன் எப்போது வெந்தது என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். கிராசிந்தா ஃபிலோமேனாவின் கையில் ஒரு துண்டு ரொட்டியைக் கொடுத்து, அதன் மேலேயே எண்ணெய் சொட்டச் சொட்ட ஒரு மீனை வைத்தாள்.

"தட்டு... முள்கரண்டி..." என்றாள் ஃபிலோமேனா.

"கை இருக்கில்ல? சாப்பிடு பொண்ணே. துணியில சிந்தினா ஆறு பக்கத்துலதான் இருக்கு."

ஃபிலோமேனா சாப்பிட்டாள். சட்டையில் சிந்தியது. இன்னொரு மீன் கேட்டாள். யாரோ ஒரு பல் இல்லாத மனிதர் போகிற போக்கில் அவள் தலையில் சுத்தியலால் தட்டினார். அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். பிறகு அவர் கையிலிருந்தே சுத்தியலைப் பிடுங்கி அவரைத் தட்டினாள். வாய்விட்டுச் சிரித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து அடெலினோ பார்த்ததில்லை.

இருட்ட ஆரம்பித்தது. ஆற்றின் மேலே முதல் காகித விளக்குகள் மிதந்து ஏறின. தெருக்கோடியில் மிராகாயாக்காரர்களின் ஊர்வலம் மேளத்தோடு புறப்பட்டது. அடெலினோ கடிகாரத்தைப் பார்த்தான்.

"ஃபிலு, கிளம்பலாமா? அப்புறம் காரை எடுக்க முடியாது."

ஃபிலோமேனா கஸிமீரோவின் கையைப் பிடித்துக்கொண்டு ஊர்வலத்துக்குள் பாதி நுழைந்துவிட்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க போங்க! நான் அக்கா வீட்ல படுத்துக்கிறேன்!"

அவன் எர்மீனியாவைப் பார்த்தான். எர்மீனியா தோளைக் குலுக்கினாள், மீன் ஒட்டிய கையால் அவனையும் இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்கினாள்.